செல் இல்லாத குழியில் ஒளி

எங்கள் வீட்டில் யாருக்கும் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று சரியாகத் தெரியாது. கோட்டாற்றில் மிளகாய் மொத்தக்கடை வைத்திருக்கும் வாப்பா, கடைக்கு வருகிறவர்களிடம் "மக மூளையில உள்ள பூச்சியப் பத்திப் படிக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறார். பூச்சி இல்லை வாப்பா, செல் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "செல்லுன்னு சொன்னா போன் ரிப்பேரான்னு கேக்கானுவ" என்கிறார். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை என்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைச்சல்தான்.

ஆனால் கடைக்காரருக்கு விளங்கும்படி ஒரு நாள் சொன்னேன். மூளைக்குள் மைக்ரோகிளியா என்று ஒரு வகைச் செல்கள் இருக்கின்றன. காவல்காரர்கள். கிருமி வந்தாலும், பக்கத்துச் செல் செத்தாலும் முதலில் ஓடி வருபவை அவைதான். புரதத்தை வெட்டிச் செரிக்கும் நொதிகளைத் தங்களுக்குள்ளேயே செய்து வைத்திருக்கும். செய்யும்போதே வெட்டத் தொடங்கினால் சொந்தச் செல்லே நாசமாகிவிடும் இல்லையா? அதனால் ஒரு மூடித் துண்டோடு சேர்த்துத்தான் நொதியைச் செய்யும். லைசோசோம் என்கிற புளிப்பான சின்னப் பைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த மூடி வெட்டுப்பட்டு, நொதிக்கு வாய் திறக்கும். பிறகு வெளியிலிருந்து ஆபத்து என்று சேதி வந்தால், சில பைகள் செல்லின் ஓரத்துக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டி, சரக்கை வெளியே கொட்டும். வெளியே புளிப்பு கிடையாது. பெரும்பாலான நொதிகள் அங்கே கொஞ்ச நேரத்தில் செயலிழந்துவிடும். கேதெப்சின் வகையில் ஒன்று மட்டும் வெளியே வந்தும் வெட்டிக்கொண்டே இருக்கும். நரம்புச் செல்லின் மேல் இருக்கும் புரதத்தைக் கூட வெட்டும். தீராத நரம்பு வலிக்கெல்லாம் இதில் பங்கு இருக்கிறது என்கிறார்கள்.

"இதுல நீ என்னத்தக் கண்டுபிடிக்கணும்?" என்றார் வாப்பா.

"சரக்கு ரோட்டுல கெடந்தா அது கடையைத் திறந்து வெளியே வச்ச சரக்கா, கூரை இடிஞ்சு சிதறுன சரக்கான்னு கண்டுபிடிக்கணும்" என்றேன்.

வாப்பா யோசித்துவிட்டு, "அத கடக்காரன்கிட்ட கேட்டாப் போதுமே" என்றார். நான் எழுந்து போய்விட்டேன்.

உண்மையில் என் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு கேள்விதான். உயிரோடு இருக்கும் செல் தானாக நொதியை வெளியிடுகிறதா, அல்லது செல் செத்து உடைந்ததால் கசிந்ததா? நாகர்கோவிலுக்கு வெளியே உள்ள எங்கள் கல்லூரியில் இதைச் செய்வது லேசான காரியம் இல்லை. எலி மூளையிலிருந்து முன்பு எப்போதோ எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து வரும் செல்கள். அவற்றுக்கு உடம்புச் சூடு வேண்டும், கார்பன் டை ஆக்சைடு வேண்டும், தடையில்லாத கரண்டு வேண்டும். நம்மூர் மழைக்கு இதில் எதுவும் உறுதி கிடையாது. வடக்கே மழைக்காலம் ஒன்றென்றால் எங்களுக்கு இரண்டு.

என் கைடை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் உள்ள கிறிஸ்தவக் குடும்பம். கணவர் டாக்டர். மேடம் கெட்டிக்காரர், கறாரானவர். கண்ணாடிக் குப்பியைக் கழுவும் முறையைக் கூடச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார். பயன்படுத்திய குப்பி முதலில் அமிலத் தொட்டிக்குள் ஊற வேண்டும், பிறகு கழுவ வேண்டும், பிறகு அழுத்தக் கொதிகலனில் வேகவேண்டும், அதற்குப் பிறகுதான் சுத்தமான அலமாரிக்குப் போகலாம். இதில் ஒரு படியைத் தாண்டிய எம்.எஸ்ஸி. பிள்ளைகளை அவர் திட்டும்போது நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

செய்முறை இதுதான். செல்களுக்கு முதலில் பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் ஒரு பொருளைக் கொடுப்போம். கிருமி வந்துவிட்டது என்று நினைத்து நொதியை ஏராளமாகச் செய்துவைக்கும். பிறகு ஏடிபி கொடுப்போம். ஏடிபி செல்லுக்குள் இருக்க வேண்டிய பொருள். அது வெளியே மிதந்தால் பக்கத்தில் யாரோ உடைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதுதான் 'கொட்டு' என்கிற சேதி. அதன்பின் செல்லைச் சுற்றியுள்ள நீர்மத்தை மட்டும் எடுத்துக் கறுப்புத் தட்டின் குழிகளில் ஊற்றி, வெட்டுப்பட்டால் ஒளிரும் ஒரு பொருளைச் சேர்ப்போம். நொதி இருந்தால் குழி ஒளிரும்.

ஒளிரவே இல்லை. மாதக்கணக்கில் ஒளிரவில்லை. செல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே நொதி நிறைந்து கிடக்கிறது, வெளியே வந்தது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான். வெளிநாட்டில் உள்ளவர்களின் செல்லெல்லாம் வாரி இறைக்கின்றன, என் செல்லுக்கு மட்டும் என்ன வந்தது என்று வயிறு எரிந்தது.

அந்த ஐப்பசியில் மாவட்டம் முழுக்க டெங்குக் காய்ச்சல். கல்லூரியில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள். மேடம்தான் பேசினார். கொசு, தேங்கின தண்ணீர், பிளேட்லெட் எல்லாம் சொல்லிவிட்டு, "பப்பாளி எலச் சாறு குடிச்சா பிளேட்லெட் ஏறும்னு நம்பிட்டு வீட்டுல கெடக்காதீங்க. அது உறுதியா நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அவர் கணவரும் மேடையில் இருந்தார். பலமாகத் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் மேடத்தின் மகளுக்கே காய்ச்சல் வந்தது. நர்ஸிங் படிக்கிற பெண். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. மேடம் விடிந்ததும் ஆய்வுக்கூடத்தைத் திறந்து என்னமோ வேலையை முடித்துவிட்டு, நாங்கள் வரும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். முகம் கறுத்துப் போயிருந்தது. நான் அவரிடம் எதையும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு நாள் காலை, வேகமாகச் சுற்றிக் கசடைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜைத் திறந்தேன். உள்ளே பச்சைக் கறை. எம்.எஸ்ஸி. பிள்ளைகள் கீரையையோ பாசியையோ சுற்றிவிட்டுத் துடைக்காமல் போய்விட்டார்கள் என்று நினைத்து ஒரு பாட்டம் கத்தினேன். நாங்கள் இல்லை அக்கா என்றார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இன்னொரு பாட்டம் கத்தினேன்.

அந்த நாட்களில்தான் பழைய ஏடிபி தீர்ந்து புதிதாகக் கரைத்தேன். சுத்தமான அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, அதில் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து உறைய வைத்தேன். வேண்டும்போது ஒன்றை எடுத்து உருக்கினால் போதும்.

மகள் தேறி வீட்டுக்கு வந்தாள். மேடம் பழையபடி சிரித்தார். என் குழிகளும் ஒளிர்ந்தன.

எப்படி ஒளிர்ந்தன என்கிறீர்கள்! ஏடிபி கொடுக்காத செல்கள் இருட்டாகவே இருந்தன. ஏடிபி கொடுத்தவை பளிச்சென்று இருந்தன. செல் உடைந்தால் மட்டுமே வெளியே கசியும் வேறொரு நொதியையும் அளந்து பார்த்தோம். அது ஏறவே இல்லை. அப்படியென்றால் செல் சாகவில்லை, உயிரோடு இருந்துகொண்டே வெளியிடுகிறது. இந்த நொதிக் குடும்பம் முழுவதையும் பூட்டிவிடும் தடுப்பானைச் சேர்த்தேன். ஒளி அணைந்தது. திரும்பச் செய்தேன். அதேதான். மேடம் என்னைக் கட்டிப்பிடித்தார். "மக்ளே, கெடச்சிட்டு கேட்டியா!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஒரு கருத்தரங்குக்கு உடனே ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இதுதான் என்று முடிவாயிற்று. நான் வீட்டுக்குப் போய் வாப்பாவிடம், "கடை திறந்துதான் இருந்துது" என்றேன். அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கி வந்தார்.

அத்தனை சந்தோஷமும் ஒரு மழையில் போயிற்று.

இரவு முழுக்க மழை, கரண்டு இல்லை, பேட்டரியும் கைவிட்டுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் செல்கள் எல்லாம் உருண்டு திரண்டு மிதக்கின்றன. செத்துப்போன செல்லை வைத்து என்ன செய்ய? செல்லைப் பார்ப்பதற்கு முன்பே ஏடிபி குழாயை வேறு எடுத்து உருக்கியாகிவிட்டது. ஒருதடவை உருக்கினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில், செல்லே போடாத வெறும் நீர்மத்தில் அந்த ஏடிபியை ஊற்றி, ஒளிரும் பொருளையும் சேர்த்து, தட்டைக் கருவிக்குள் தள்ளினேன். அறிவியல் நோக்கம் எதுவும் இல்லை. சும்மா, வீணாகிற பொருள் வீணாகட்டும் என்கிற கோபம்தான்.

பளிச்.

செல் இல்லாத குழி. உள்ளே ஒன்றுமே இல்லை. முன்பு செல் இருந்த குழிகளில் எப்படி ஒளிர்ந்ததோ அதே ஒளி. அந்த ஒரு பரிசோதனையை, வெறும் ஏடிபி மட்டும் போட்டுப் பார்ப்பதை, நாங்கள் யாரும் செய்யவே இல்லை. ஏடிபி தானாக ஒளிரும் என்று யார் நினைப்பார்கள்? ஒளிரும் பொருள் சிக்கனம் என்று மேடம் தேவையில்லாத குழிகளைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அந்தக் குறைப்பில் போன குழி இது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. யார் தலையையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது.

புதிதாக ஒரு ஏடிபி பொடியை வேறு குப்பியில் கரைத்துச் சோதித்தேன். இருட்டு. ஆக, கெட்டுப்போனது அந்தக் குப்பியில் கரைத்த ஏடிபி மட்டும்தான். மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பாக்டீரியா விழுந்திருக்கும்" என்றார்.

"பாக்டீரியா நொதின்னா இந்தத் தடுப்பான் எப்படி மேடம் பூட்டும்?"

"சில பாக்டீரியாக்களுக்கும் இந்த மாதிரி உண்டு."

"அப்ப சுருக்கத்தத் திரும்ப வாங்கிருவோமா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னதைத்தான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. "மக்ளே, ஒலகத்துல எல்லாரும் பாத்தது தானே இது? ஏடிபி குடுத்தா மைக்ரோகிளியா வெளியிடும். நாம புதுசா பொய் ஒண்ணும் பறையல்லையே."

"உண்மை வேற எங்கயோ இருக்கு மேடம். நம்ம குழியில இல்ல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். வராந்தாவில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு மிண்டாம இரு" என்று என் வாயை அடக்கினார் மேடம். ஆனால் அன்று சாயங்காலமே சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பிவிட்டார். அதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அது போதவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எந்தக் குப்பியை நம்புவது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். தண்ணீர், உப்பு, பிப்பெட், உறைபெட்டி எல்லாம் சோதித்தாயிற்று. எல்லாம் இருட்டு. சோறு இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உம்மா மாட்டிறைச்சி ஆணம், அதாவது குழம்பு, வைத்திருந்தாள். கறி கடினமாக இருந்தால் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுவது எங்கள் வீட்டில் வழக்கம். என் தட்டில் அந்தத் துண்டு வந்து விழுந்தது. இறைச்சி விரல் பட்டதும் நார்நாராகப் பிரிந்தது.

"ஏட்டி, திங்காம என்னத்தப் பாத்துட்டு இருக்க?" என்றாள் உம்மா.

நான் பார்த்துக்கொண்டிருந்தது பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை. முதல் வருஷத்திலேயே மனப்பாடம் செய்தது. கேதெப்சின்களும் பப்பாளிப் பாலில் உள்ள நொதியும் ஒரே குடும்பம். குடும்பத்துக்குப் பேரே பப்பாளியிலிருந்து வந்ததுதான். குடும்பத்தைப் பூட்டும் தடுப்பான் இரண்டையும் ஒன்றுபோலப் பூட்டும். என் மைக்ரோகிளியா வெளியிட்டதாக நான் கொண்டாடியது பப்பாளியாக இருந்தால்?

மறுநாள் எங்கள் துறைக் கட்டிடத்தின் பின்பக்கம் போனேன். விடுதிச் சமையல்கட்டின் கழிவுநீர் போகிற இடத்தில் தானாக முளைத்த ஒரு பப்பாளி உண்டு. கீழ்ப்பக்க இலைகள் ஒன்று விடாமல் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தன. காம்பின் அடிக்கட்டைகள் மட்டும் வரிசையாகக் காய்ந்து நின்றன. மேலே மிச்சம் இருந்த ஓர் இலையைப் பறித்து, இடித்து, சாறெடுத்து, துளியில் துளி தண்ணீரில் கலந்து சோதித்தேன். ஒளிர்ந்தது. குடும்பத் தடுப்பானுக்கு அணைந்தது. அதற்குள் நாங்கள் முன்பே வரவழைக்கச் சொல்லியிருந்த இன்னொரு தடுப்பானும் வந்து சேர்ந்திருந்தது. என் கேதெப்சினை மட்டும் பூட்டும், பப்பாளியைக் கண்டுகொள்ளாது. இலைச் சாறு அதற்கு அணையவில்லை. உறைபெட்டியில் இருந்த என் ஏடிபியும் அணையவில்லை.

பச்சைக் கறை, விடிகாலை வேலை, ஆஸ்பத்திரி, அறுத்த இலைகள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் இடித்தால் கணவருக்குத் தெரிந்துவிடும். மேடையில் அவர் தலையாட்டியது அதற்கு முந்தின வாரம்தான். அதனால் இங்கே வந்து இடித்து, சக்கை அடியில் தங்க சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, வடிகட்டி, என் குப்பியில் ஊற்றி எடுத்துப் போயிருக்கிறார். திரும்பக் கொண்டுவந்து, வீட்டுப் பாத்திரத்தைக் கழுவுவது போல் குழாயில் கழுவி, நேராகச் சுத்தமான அலமாரியில் வைத்துவிட்டார். அமிலமும் இல்லை, கொதிகலனும் இல்லை. முறையைச் சுவரில் ஒட்டிய அதே ஆள்!

எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது. மகள் அந்த நிலையில் கிடந்தால் நானும் எந்த இலையையும் இடிப்பேன். நான் கோபப்பட்டது இடித்ததற்கு இல்லை.

அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "மேடம், அது பப்பாளி எலச் சாறு."

"எங்ஙன வந்துது?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்க சொல்லணும்."

"எனக்கு அறியாது மக்ளே."

"நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. எனக்குத் தெரிஞ்சாப் போதும். எந்தக் குப்பி, எத்தன தடவ, வேற எதையும் தொட்டீங்களா, அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"எனக்கு அறியாதுன்னு சொன்னேன்லா" என்றார். குரல் உயர்ந்தது. நான் வெளியே வந்தேன். அதற்குப் பிறகும் விடவில்லை. பல தடவை, பல விதமாகக் கேட்டேன். கெஞ்சியும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில். முழு அலமாரியையும் நான் ஒருத்தியாகத் திரும்ப அமிலத்தில் ஊறப்போட்டேன். கை விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது.

பிறகு சுத்தமான ஏடிபியோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இந்த முறை செல் இல்லாத குழியையும் விடாமல் போட்டேன். அது இருட்டாகவே இருந்தது. செல் உள்ள குழியில் ஒளி வந்தது. மிகக் கொஞ்சம். மின்மினிக்கும் கீழே. ஆனால் என் கேதெப்சினை மட்டும் பூட்டும் தடுப்பானைப் போட்டதும் அந்தக் கொஞ்சமும் அணைந்தது. செல்லும் சாகவில்லை. அதாவது வெளியிடுகிறது. எங்கள் செல் கஞ்சத்தனமாக வெளியிடுகிறது, ஆனால் உண்மையாக வெளியிடுகிறது. இவ்வளவு சின்ன விஷயத்தை அடித்துச் சொல்ல வேண்டும் என்றால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு ஆறு மாதம் வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலமோ முடியப் போகிறது.

நீட்டிப்பு தருவது டாக்டோரல் கமிட்டியின் கையில். வெளியூரிலிருந்து வரும் மூத்த பேராசிரியர் ஒருவர், எங்கள் கல்லூரியின் இன்னொரு பேராசிரியர், பிறகு கைடு. நான் படங்களைக் காட்டி முடித்ததும் வெளியூர்க்காரர் கேட்டார். "போன கூட்டத்தில் ஒளி இந்த உயரம் இருந்ததே, இப்போது ஏன் தரையோடு தரையாகக் கிடக்கிறது?"

"முன்னாடி பாத்தது பப்பாளி எலச் சாறு சார். ஏடிபி கரச்ச குப்பியில இருந்திருக்கு."

அறையே சிரித்தது. உள்ளூர்ப் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மைக்ரோகிளியாவுக்குக் காய்ச்சலாம்மா?" என்றார். மேடம் சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பி யாருடையது?" என்றார் வெளியூர்க்காரர்.

"என்னோடது சார்."

"சாறு?"

நான் மேடத்தைப் பார்த்தேன். வாயைத் திறங்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். அவர் நிமிரவில்லை.

"நான் போடல்ல சார்" என்றேன்.

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார் அவர். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல, கூட்டம் நடத்துகிற கைடு என்ற முறையில் மேடம்தான் எழுதினார். மாணவியின் கவனக்குறைவால் மாசுபாடு ஏற்பட்டதாலும், இருக்கும் தரவு போதாததாலும், நீட்டிப்புப் பரிந்துரைக்கப்படவில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டுச் சமர்ப்பிக்கலாம். மேடத்தின் கையெழுத்து அழகானது. மாணவியின் கவனக்குறைவு என்பதையும் அவர் அழகாகவே எழுதினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றிருந்தால் பேரைச் சொல்லியிருப்பேன்.

டீ வந்தது. கையெழுத்து டீக்குப் பிறகு என்றார்கள். நான் வராந்தாவில் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியூர்க்காரர் டம்ளரோடு என் பக்கத்தில் வந்தார். கூட்டத்தில் பேசின குரல் இல்லை, கொஞ்சம் தயங்கின குரல்.

"அம்மா, தப்பா நினைக்காதே. என் பேரனுக்கு நேத்துலேருந்து காய்ச்சல். ஆஸ்பத்திரியில்தான் இருக்கான். பிளேட்லெட் இறங்குதாம். மக அழுதுகிட்டே இருக்கா. அந்தச் சாறு... எத்தனை இலை போடணும்?"

இவர்தான் சற்று முன் என்னைத் தூக்கித் தரையில் அடித்தவர். "எனக்குத் தெரியாது சார். நான் செஞ்சதில்ல" என்றேன்.

"ரெண்டு எல போதும் சார்."

பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"காம்பும் நடு நரம்பும் களஞ்சிரணும். அதுலதான் பால் கூடுதல், பிள்ளைக்கு வயிறு எரியும். தண்ணி சேக்காம இடிக்கணும். கசப்பு தாங்காது, எம் மக முதல்ல துப்பிட்டா. கொஞ்சம் தேன் விட்டுக் குடுத்தேன். ஆனா சார், இதக் குடுத்துட்டு ஆஸ்பத்திரியிலேந்து கொண்டுபோயிராதீங்க. இது கேக்கும்னு எனக்கு இப்பவும் உறுதி இல்ல. சும்மா இருக்க முடியாமத்தான் செஞ்சேன்."

பேசிக்கொண்டே வந்தவர் கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டார். வெளியூர்க்காரர் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் இங்கே வச்சு இடிச்சீங்களா மேடம்?"

"ஆமா சார்" என்றார் மேடம். "அவளோட குப்பியில."

மூவரும் உள்ளே போனோம். வெளியூர்க்காரர் தாளை வாங்கி, மாணவியின் கவனக்குறைவு என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். கீழே நீட்டிப்பு ஆறு மாதம் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேடமும் போட்டார்.

எனக்கு ஆறு மாதம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், அதுவும் கோபத்தில். நான் கெஞ்சிக் கேட்டபோது எனக்கு அறியாது என்றார். என் பெயரைத் தன் கையாலேயே கெடுத்து எழுதும்போதும் வாய் திறக்கவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பேரனுக்குக் காய்ச்சல் என்றதும், காம்பு களைவது முதல் தேன் விடுவது வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.